குடை இருந்தும் நனைந்த கதாநாயகன்!

அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதை வாசகரே தீர்மானிக்கும் கதைகள் கம்ப்யூட்டரில் உண்டு. அப்படி ஒரு கதை மயிலாப்பூரில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நிற்கிறான் கதாநாயகன். குடை வாங்குவதா, காசை மிச்சம் பிடிப்பதா? வாங்கச் சொல்கிறார் வாசகர். பாண்டி பஜாரைச் சுற்றிவிட்டு அடையாறு போய்ச் சேர்ந்தால் மழை கொட்டுகிறது. குடை வாங்கியவன் தொப்பலாக நனைந்து நிற்கிறான்!

ஏன் இந்த அலங்கோலம்?

கம்ப்யூட்டருக்குக் கதை தெரியாது. நடந்ததை நினைவில் வைக்க, பெயர் ஒட்டிய பெட்டிகளை ஆசிரியர்தான் கொடுக்கவேண்டும். இவற்றுக்கு 'மாறி' என்று பெயர். குளக்கரைப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'குடை' என்று எழுதியவர், மழைப் பக்கத்தில் பேச்சுவழக்குப் புகுந்து 'கொடை' என்று எழுதிவிட்டார். அந்தப் பெட்டி காலி! சில நிரல் மொழிகள் காலியைப் பூஜ்யமாகக் கொண்டு வாய் திறவாமல் போய்விடும். பிழை என்று உடனே கூச்சலிடும் மொழியே தேவலை.

ஆறெழுத்துக் கெடுபிடி

அமெரிக்காவில் வில் கிரவுதர் 1976-ல் எழுதி, 1977-ல் டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வெஞ்சர்' என்ற குகைக் கதை இவ்வகைக்கு முன்னோடி. அது எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழியில் பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் கூடாது. கையிலுள்ள சாமான்களை எண்ணும் மாறிக்கு 'ஹோல்டிங்' என்ற ஏழெழுத்து ஆங்கிலச் சொல். அதில் 'ஐ'யை வெட்டி ஆறாக்கினார்கள். விளக்கின் ஆயுளுக்கு 'லிமிட்'. சாதாரணமாக அதன் ஆரம்பத் தொகை 330, தீர்ந்தால் இருட்டுதான்!

கிறிஸ் கிளிமாஸ் 2009-ல் வெளியிட்ட 'ட்வைன்' கருவியில் அந்தக் கெடுபிடி இல்லை. பெயருக்கு முன் டாலர் குறி போட்டால் போதும். ஆனால் வெறும் 'குடை' என்றால் வாங்கியதா, விரித்ததா? 'குடை_வாங்கினான்', 'குடை_விரித்தான்' என்று இரண்டாகப் பிரித்தால் வம்பில்லை.

தமிழில் முடியுமா?

முடியும். 2008-ல் வந்த பைதான் 3, தமிழெழுத்துப் பெயர்களை ஏற்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியிலோ 'ஆனால்', 'முடி' என்று கட்டளைகளே தமிழ். எல்லாக் கதைக் கருவிகளுக்கும் இந்தத் தாராளம் கிடையாது.

கதை வெளியான பிறகு பெயரைத் திருத்துவதிலும் ஒரு கண்டம் உண்டு. பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்தவரின் பதிவில் பழைய பெயரே இருக்கும். ஆகவே திருத்துகிற ஆசிரியர், பழைய பெட்டியில் இருப்பதைப் புதியதற்கு மாற்றவும் ஒரு வரி எழுதியாகவேண்டும். இல்லையேல் அவர் மறுநாள் திறக்கும்போது கதாநாயகன் மறுபடியும் நனைவான்.