ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா?

2007 அக்டோபர் 26ஆம் தேதி, ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமாக இருந்த நோவா, கடன் சுமை தாங்காமல் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டு மனு செய்தது. அதற்கு முன்பே சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கியிருந்தது. ஆசிரியர்களின் சம்பளத்தில் பிடித்த வாடகையை வீட்டுக்காரர்களுக்குக் கட்டாமல் விட்டதும் அப்போது வெளியே வந்தது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சாப்பாட்டுக்கு ஈடாகப் பாடம் சொல்லித்தர ஆசிரியர் சங்கமே ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை வந்தது. 2010 ஏப்ரலில் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் திவாலானது.

அங்கே போகாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிறுவனம் கவிழ்ந்தால் விசாவும் சேர்ந்து கவிழ்ந்துவிடும் என்ற பயம் ஆசிரியர்களிடம் இன்றும் இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் மோசமான முதலாளிகள் வேலை வாங்குகிறார்கள். "வேலையை விட்டால் உன் விசாவை ரத்து செய்துவிடுவோம்" என்ற மிரட்டலுக்கு ஜப்பானியச் சட்டத்தில் இடமே இல்லை. விசா என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் வசிப்புத் தகுதி உங்கள் பெயரில் வழங்கப்படுவது. அதை ரத்து செய்யும் அதிகாரம் குடிவரவுத் துறைக்கு மட்டுமே உண்டு. வேலை போனாலும் வசிப்பு அட்டையில் அச்சிட்ட தேதிவரை அது செல்லும். உங்கள் கடமை இரண்டு. வேலையை விட்ட 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தால் அதையும் அப்படியே தெரிவிக்க வேண்டும். ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அந்தத் தகுதிக்கான வேலை எதையும் செய்யாமல் இருந்தால் ரத்தாகும் வாய்ப்பு உண்டு. வேலை தேடிக்கொண்டிருப்பதற்கான சான்றுகளைச் சேர்த்துவைப்பது அதனால்தான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பள்ளிகளில் கற்பிப்பதற்கு 'இன்ஸ்ட்ரக்டர்' என்ற தகுதி. 'எய்கைவா' எனப்படும் தனியார் பேச்சு ஆங்கில நிலையங்களுக்கு மனிதவியல், பன்னாட்டுச் சேவைத் தகுதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் இறங்குவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அல்லது தகுதியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. இந்த வேலைக்கு இளங்கலைப் பட்டம் ஏறக்குறைய கட்டாயம். பள்ளி வேலைகளுக்கு, ஆங்கிலத்தின் வழியாகவே 12 ஆண்டு படித்ததற்கான சான்றையும் கேட்பது வழக்கம். தமிழ்வழியில் படித்தவரிடம் ஒரு ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று போடும் விளம்பரங்கள் நிறைய உண்டு. குடிவரவுச் சட்டம் குறிப்பிட்ட நாட்டுக் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. ஆனாலும் ஆள் எடுப்பதில் இந்தப் பாகுபாடு இருப்பதை மறைப்பதில் பயனில்லை. தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஜப்பான் அரசே நடத்தும் வழி ஜெட் திட்டம். 1987இல் தொடங்கியது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பம். 2025 ஏப்ரலிலிருந்து முதலாண்டுச் சம்பளம் 40 லட்சத்து 20 ஆயிரம் யென். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இந்தியாவிலிருந்து எடுக்கப்படுபவர்கள் மிகக் குறைவு என்பதால் பலரும் தனியார் நிறுவனங்களையே நாட வேண்டியிருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் நுழைவது இங்கேதான்.

முறையான வழி இப்படித்தான் இருக்கும்: ஜப்பானில் உள்ள நிறுவனம் உங்களுக்காகத் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். அது வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். வந்தபின் மூன்று மாதம் செல்லும். அதைக் காட்டி இங்கே விசா வாங்க வேண்டும். "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறார். அந்த விசாவில் வேலை செய்தால் சிறை, அபராதம், நாடு கடத்தல் என்று எல்லாம் சட்டத்தில் உண்டு. ஜப்பானில் வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்பு நிறுவனம் கட்டணம் வாங்குவதற்குப் பொதுவாகத் தடை. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். ஏஜென்டின் பதிவு உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் அது வேலைக்கான பணமே இல்லை.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் சம்பளத்துக்குத்தான் போகும். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேலை நேரத்தை. வாரம் 29.5 மணி நேரம் என்று இருக்கிறதா? அந்த அரை மணிக் குறைவு தற்செயல் இல்லை. முழுநேர ஊழியரின் 40 மணி நேரத்தில் முக்கால் பங்கு 30. அதைத் தொட்டால் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் உங்களைச் சேர்த்து, பாதிப் பணத்தை நிறுவனம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கப் போட்ட கணக்கு அது. சட்டம் மெல்ல மெல்ல இந்த ஓட்டையை அடைத்துவருகிறது. 2024 அக்டோபர் முதல், 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்து, குறைந்தபட்சச் சம்பள வரம்பைத் தாண்டியவர்களையும் சேர்த்தாக வேண்டும். "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஷாகாய் ஹோகென் (சமூகக் காப்பீடு) உண்டா" என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். பாடம் தயாரிக்கும் நேரம், வகுப்புகளுக்கு இடையே காத்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் கேளுங்கள். ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் விடுமுறைகளில் சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் உண்டு. மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஏமாறாதீர்கள்.

'க்யோமு இதாகு' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் நின்று யோசியுங்கள். நீங்கள் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்று பொருள். விடுப்பு, கூடுதல் நேரச் சம்பளம், வேலைநீக்கப் பாதுகாப்பு எல்லாம் அதோடு கைநழுவும். காகிதத்தில் அப்படி எழுதிவிட்டு, ஊழியரைப் போலவே நேரம் குறித்து வேலை வாங்கினால், நீங்கள் ஊழியர்தான் என்று வாதிட முடியும். ஆனால் அது நீண்ட போராட்டம்.

ஊழியராகச் சேர்பவருக்கு 1947இல் வந்த தொழில் தரச் சட்டம் துணை நிற்கிறது. சம்பளத்திலும் வேலை நிலைமையிலும் நாட்டைப் பார்த்துப் பாகுபாடு காட்ட அது தடை விதிக்கிறது. வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளின் பெயர் 'ரோதோ ஜோக்கென் ட்சூச்சிஷோ'. சொன்னது ஒன்று, அங்கே இருப்பது வேறு என்றால் உடனே வேலையை விடலாம். அந்த வேலைக்காகவே வீடு மாறி வந்தவர் 14 நாளுக்குள் ஊர் திரும்பினால் பயணச் செலவை முதலாளி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாதியில் விலகினால் இத்தனை யென் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதே சட்டவிரோதம். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தால் 10 நாள் சம்பளத்துடன் விடுப்பு. வேலையிலிருந்து நீக்க 30 நாள் நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். கடவுச்சீட்டையும் வசிப்பு அட்டையையும் "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று வாங்கினால் கொடுக்காதீர்கள். வசிப்பு அட்டை எப்போதும் உங்களிடமே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பணத்தைப் பற்றி. வீட்டுக்கு முன்பணம், திரும்பிவராத 'ரெய்கின்' என்ற அன்பளிப்புத் தொகை, உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம் என்று முதல் மாதமே பல மாத வாடகை போய்விடும். முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துப் போடப்படுவதால் முதலாண்டு அது தெரியாது. இரண்டாம் ஆண்டு ஜூனில் வந்து நிற்கும். ஊர் திரும்பும்போது ஓய்வூதியத்துக்குக் கட்டியதில் ஒரு பகுதியை, இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட முடியும். பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சம்பளம் வராவிட்டால் முதலில் போக வேண்டிய இடம் அந்தப் பகுதியின் தொழில் தர ஆய்வு அலுவலகம், 'ரோதோ கிஜுன் கந்தோகுஷோ'. புகார் செய்ததற்காக உங்களை நீக்குவது குற்றம். வராத சம்பளத்தை மூன்று ஆண்டு வரை கேட்கலாம். நிறுவனம் திவாலானால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பாக்கிச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை அரசு முன்னதாகத் தரும் திட்டம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதற்கு வயதுக்கேற்ற உச்சவரம்பு உண்டு. சட்ட உதவிக்கு 'ஹோதெராசு' என்ற அரசு அமைப்பு. வெளிநாட்டு ஆசிரியர்கள் சேரக்கூடிய சங்கங்களாக ஒசாகாவில் ஜெனரல் யூனியன், டோக்கியோவில் டோசென் யூனியன் ஆகியவை இருக்கின்றன. சங்கம் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் நிறுவனம் காரணமின்றி மறுக்க முடியாது. தனியாக மின்னஞ்சல் எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது வேகமான வழி என்பது என் கருத்து.

போவதற்கு முன்பே சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவைக் கட்டணமில்லா எண் 1800-11-3090இல் அழைத்துக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல், சம்பளச் சீட்டுகள், நீங்களே நாள்தோறும் எழுதிவைக்கும் வேலை நேரக் குறிப்பு ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே பாதுகாத்து, ஒரு பிரதியை ஊரில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். புகார் செய்யும் அன்று அதிகாரி முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.