கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் குழந்தை: பெற்றோர் அறிய வேண்டிய உரிமைகள்

திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஒன்றியத்தில் குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில் வாழும் பெற்றோர் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நினைக்கும்போது மூன்று வகைப் பள்ளிகளைப் பார்க்கிறார்கள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, கிறிஸ்தவ நிர்வாகத்தின் அரசு உதவிபெறும் பள்ளி, சுயநிதி நர்சரி பள்ளி. பின்னிரண்டின் பெயர்ப்பலகையிலும் ஒரு புனிதரின் பெயர் இருக்கலாம். ஆனால் கட்டணம், ஆசிரியர் நியமனம், புகார் சொல்லும் இடம் ஆகிய மூன்றிலும் அவை வேறுபட்டவை. சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது உதவிபெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா?" என்பதுதான்.

உதவிபெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தருகிறது, நியமிப்பது நிர்வாகம். பாடநூல், சீருடை, மதிய உணவு ஆகியவை குழந்தைக்கு விலையின்றிக் கிடைக்கின்றன. ஊரகப் பகுதிகளிலுள்ள உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று விரிவுபடுத்தப்பட்டது. அந்த விரிவாக்கத்தின் தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில்தான். உதவிபெறும் பள்ளியின் வளாகத்தில் ஆங்கிலவழிப் பிரிவும் இருந்தால் அது பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. அதற்குக் கட்டணம் உண்டு.

கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது கூறு காக்கிறது. இதை வைத்தே 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உதவிபெறும், உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகள் இரண்டுக்குமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. இதன் விளைவு பலருக்கும் தெரிவதில்லை. 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் இப்பள்ளிகளில் இடம் கேட்க முடியாது. அச்சட்டத்தின்படியான பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்தவும் வழியில்லை. பணியிலுள்ள ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியை மட்டும் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது.

அதற்காகக் குழந்தை பாதுகாப்பில்லாமல் நிற்பதாக எண்ண வேண்டாம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது கூறு. எல்லோருக்கும் பொதுவான நீதிபோதனை வகுப்பு வேறு, மறைக்கல்வி வகுப்பு வேறு. இரண்டாவதில் குழந்தை உட்கார வேண்டாம் எனப் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். உதவிபெறும் பள்ளி மதத்தையோ சாதியையோ மட்டும் காரணமாக்கி இடம் மறுப்பதை 29ஆவது கூறு தடுக்கிறது. அடிப்பதற்கும் அனுமதி கிடையாது. தமிழ்நாடு கல்வி விதிகள் 2003லேயே உடல்தண்டனையை நீக்கிவிட்டன. குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கட்டணப் பாக்கியைச் சொல்லி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது.

சட்ட உரிமைகள் ஒருபுறமிருக்க, பெற்றோர் கண்ணில் எளிதில் படாத ஆபத்து ஒன்று உண்டு: குழந்தை தினமும் பள்ளிக்குப் போகிறது, படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும், நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் 'டிக்' இருக்கும், பாடத்தைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம், அது இதுவரை பார்த்திராத இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் உண்மை நிலை தெரிந்துவிடும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் திணறினாலோ, வாசித்த பின் கதையில் யார் வந்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலோ அடித்தளம் பலவீனமாக இருக்கிறது. 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத குழந்தை 45 என்றே எழுதும். ஆங்கிலவழியில் படிக்கும் குழந்தைக்கு இந்தச் சோதனையை இரண்டு மொழியிலும் வைக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தை இரண்டிலும் தடுமாறுவது உண்டு.

இந்தத் தடுமாற்றத்தைக் குழந்தையின் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமல்ல. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டால், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் மற்றவை கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். உதவிபெறும் பள்ளியில் பணியிடங்கள் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகின்றன. அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

குறை இருந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடமும் தாளாளரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் உதவிபெறும் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). சுயநிதிப் பள்ளிக்குத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். கூடுதல் கட்டணத்திற்குக் கட்டண நிர்ணயக் குழு. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசைக்காகக் காத்திருக்கக் கூடாது. 1098-ஐ உடனே அழைக்கலாம். பாலியல் குற்றத்தை அறிந்தும் மறைக்கும் பள்ளிப் பொறுப்பாளருக்குப் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. பணியிடம், அங்கீகாரம், ஆய்வு அறிக்கை பற்றிய விவரங்களை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.