மால்பெக் எந்த ஊர் ஒயின்? மெண்டோசா தண்ணியில இருக்கு பதில்

ஸ்டீக் வீடியோ போட்டதுலருந்து திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "மால்பெக் பிரெஞ்சு ஒயினா, அர்ஜென்டினா ஒயினா?" திராட்சைக் கொடி பிரான்ஸோடது. ஆனா இன்னைக்கு உலகத்துல விளையிற மால்பெக்ல பெரும்பகுதி அர்ஜென்டினாவுல, அதுலயும் மெண்டோசா மாகாணத்துலதான் விளையுது. ஏன் அங்கன்னு கேட்டா நிறைய பேர் வெயிலைச் சொல்வாங்க. நான் தண்ணியச் சொல்வேன்.

முதல்ல பிரான்ஸை முடிச்சிடுறேன். தென்மேற்குல காஓர்னு ஒரு ஊர், இப்பவும் அங்க மால்பெக்தான் ராஜா. போர்தோவுலயும் நிறைய இருந்துச்சு. 1956 பிப்ரவரியில அடிச்ச உறைபனியில ஏகப்பட்ட கொடி செத்துப்போச்சு. காஓர்காரங்க மறுபடி அதையே நட்டாங்க. போர்தோவுல பல பேர் மெர்லோ ரகத்துக்கு மாறிட்டாங்க.

அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, 1853ல, மிஷெல் எமே பூஜேன்னு ஒரு பிரெஞ்சு வேளாண் நிபுணர் மெண்டோசாவுக்கு வந்து மால்பெக் உட்பட பிரெஞ்சு ரகங்களை நட்டுட்டார். பின்னாடி அர்ஜென்டினா ஜனாதிபதியான சார்மியெந்தோதான் அவரை வரவழைச்சவர்.

இப்ப தண்ணிக்கு வருவோம். மெண்டோசாவுல வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. பசிபிக்லருந்து வர்ற ஈரக்காத்தை ஆண்டிஸ் மலை சிலி பக்கமே பிழிஞ்சு விட்டுடுது. அப்புறம் திராட்சை எப்படி? மலைப்பனி உருகி ஆறா இறங்குது. அந்த ஆத்துத் தண்ணியை வாய்க்கால் வெட்டித் திருப்பினவங்க உவார்ப்பே பழங்குடி மக்கள், ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடியே! ஒயின் பத்தி பேசுற யாரும் அவங்க பேரைச் சொல்றதில்ல, எனக்கு அதுல பெரிய வருத்தம். வாய்க்காலை அங்க அசேக்கியாம்பாங்க. மெண்டோசா நகரத்துல இன்னைக்கும் தெருவோரமா ஓடி மரங்களுக்குத் தண்ணி குடுக்குது.

சரி, கொடிக்கு வருவோம். மழை குறைவுங்கறதால பூஞ்சை நோய் குறைவு. எப்பத் தண்ணி விடணும், எவ்வளவு விடணும்னு விவசாயி முடிவு பண்ணலாம். கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா பழம் சின்னதாகும், சாறுக்குத் தோல் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் தோல்லதானே இருக்கு! மெண்டோசாவோட உக்கோ பள்ளத்தாக்குல 1,000 மீட்டருக்கும் மேல தோட்டம் இருக்கு. ராத்திரி குளிர் புளிப்பைக் காப்பாத்துது. வெயிலுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கறேன். ஆனா தண்ணி இல்லன்னா அந்த வெயில்ல முள்ளுச்செடிதான் நிக்கும்.

இது அந்த ஊர் ஜனங்களுக்கு நல்லாவே தெரியும். சுரங்க வேலையில சயனைடைத் தடுக்கிற 7722ம் சட்டத்தை 2019 டிசம்பர்ல மாகாண அரசு தளர்த்துச்சு. தண்ணி கெட்டுடும்னு ஆயிரக்கணக்கான பேர் தெருவுல இறங்கிட்டாங்க. அந்த மாசம் முடியறதுக்குள்ள பழைய சட்டமே திரும்ப வந்துச்சு. தண்ணிக்காக நின்ன அந்த ஜனங்களை நினைச்சா சிலிர்க்குது.

ஐயோ, நேரமாச்சு, சாப்பாடு இன்னும் சொல்லவே இல்ல! வேகமா கேட்டுக்கங்க. முதல் ஜோடி அசாதோ, அதாவது விறகுக் கனல்ல நிதானமா வாட்டின மாட்டிறைச்சி. இறைச்சியோட கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிடும். கொத்துக்கறி வச்ச எம்பனாடா, சுட்ட சீஸான புரோவோலேத்தா, காளான், எல்லாம் பொருந்தும். மீன் வேண்டாம், வாயில உலோக வாடை வரும். காரம் தூக்கலான சாப்பாடும் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். 16லருந்து 18 டிகிரியில ஊத்துங்க. வெயில் ஊர்ல இருக்கறவங்க குடிக்கறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி பாட்டிலை ஃபிரிட்ஜ்ல வைங்க. லேபிள்ல மெண்டோசாவோட இன்னொரு பகுதியான லுஹான் தே குயோ பேர் இருந்தா பொதுவா மென்மையா, பழுத்த பிளம் ருசியா இருக்கும். உக்கோன்னா புளிப்பு தூக்கலா, பூ வாசனையோட இருக்கும். கொழுப்பு அதிகமான கறிக்கு உக்கோவை எடுங்க.