விளையாட்டைப் படித்தும் கலாநிதி ஆகலாம்

"ஓடி ஆடித் திரிஞ்சா சோறு வருமா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நமது லயங்களில் வழக்கம். வத்தேகம, பன்வில, மடுல்கலை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வலய மட்டப் போட்டிக்குப் போய்ச் சான்றிதழோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் சான்றிதழ் ட்ரங்குப் பெட்டிக்குள் போய்விடும், பிள்ளை கொழும்புக் கடைக்குப் போய்விடும். விளையாட்டு என்பது ஒரு படிப்பு, அது கலாநிதிப் பட்டம் வரைக்கும் போகும் என்ற விபரம் பல வீடுகளுக்கு எட்டவில்லை. அதைத்தான் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கலாநிதி என்றதும் ஊசி போடும் டொக்டரை நினைத்துவிட வேண்டாம். ஒரு துறையை அடிமட்டம் வரை ஆராய்ந்து, புதிதாக ஒன்றைக் கண்டு சொன்னவருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் மிக உயர்ந்த பட்டம் அது. உடற்பயிற்சி, விளையாட்டு விஞ்ஞானம் என்ற துறையில், வேலை செய்யும் உடம்புதான் பாடம். மலை ஏறும்போது இருதயம் ஏன் அடித்துக்கொள்கிறது, தசை எப்போது களைக்கிறது, பிள்ளைக்கு எந்த வயதில் எந்தப் பயிற்சி கொடுக்கலாம் என்றெல்லாம் அதில் படிக்கிறார்கள்.

இது நமக்குத் தூரத்து விஷயமில்லை. இந்தத் துறையின் பெயர்போன ஆய்வுகளில் இரண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வைத்தே நடந்தவை. பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்த பிரையன் செனெவிரத்னவும், அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் துறையைச் சேர்ந்த எட்ஜெர்ட்டனும் வேறு சிலரும் சேர்ந்து செய்தார்கள். 1977இல் வெளிவந்த ஆய்வில் 75 பெண்களை ஓடும் பட்டியில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் குறைந்தவர்கள் சீக்கிரம் களைத்தார்கள். அவர்களுடைய இருதயம் கூடுதலாக அடித்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது அடுத்தது. ஒரு பிரிவுக்கு இரும்புச்சத்து மாத்திரை, மற்றப் பிரிவுக்கு அதேபோல ஒரு வெறும் மாத்திரை. இரும்புச்சத்தால் இரத்தம் ஏறியபோது எடுத்த கொழுந்தின் நிறையும் ஏறியது. மூன்று கிழமைக்குப் பிறகு அளந்து பார்த்தால், நாள் முழுக்க நடமாட்டமும் அந்தப் பிரிவினருக்கே கூட. இரத்தம் மிகவும் குறைந்திருந்தவர்களிடம், அதாவது ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம், முன்னேற்றம் அதிகம்.

"சோம்பேறி" என்று மலையில் பேச்சு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இரத்தந்தான் குறைவாக இருந்ததோ! கங்காணியின் கண்ணுக்குத் தெரியாததை அளந்து காட்டியது இந்தப் படிப்பு.

இன்னொரு உதாரணம் கண்டியிலேயே உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். 1995 டிசம்பரில் மெல்பேர்ணில் முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் குற்றம் சொன்னார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கைமூட்டின் அசைவைக் கமெராக்களால் அளந்தார்கள். பிறவியிலேயே அந்தக் கை முழுதாக நிமிராது என்பதும், பார்ப்பவர் கண்ணுக்கு அது எறிவதுபோலத் தெரிகிறது என்பதும் வெளிவந்தன. பிற்பாடு வேறு பல பந்துவீச்சாளர்களையும் அளந்துபார்த்து, 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று சர்வதேச கிரிக்கெட் சபை எல்லை வைத்தது. முரளி 800 விக்கெட்டுகளோடு 2010இல் டெஸ்டிலிருந்து ஓய்வுபெற்றார். திறமை அவருடையது. அதைக் காப்பாற்றிக் கொடுத்ததில் விஞ்ஞானத்துக்கும் பங்குண்டு.

சரி, கலாநிதிப் பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லோரும் கேள்விப்பட்ட ஆராய்ச்சிப் பட்டம். அதில் படித்தவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலேயே நின்றுவிடுவார். மற்றது தொழில்சார் கலாநிதிப் பட்டம். உடற்கல்வி ஆசிரியரோ பயிற்றுநரோ தன் வேலையில் இருந்துகொண்டே, அந்த வேலையில் வரும் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்வது இது. அமெரிக்காவில் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி உடற்கல்வியில் இப்பட்டம் கொடுத்திருக்கிறது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழகம் வேலையில் இருப்பவர்களுக்கு இணையவழியில் நடத்துகிறது.

நமக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். மைதானமே இல்லாத, சரிவில் நிற்கும் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? காலையில் வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளையை எந்தப் பாடவேளையில் ஓடவிடலாம்? வயதுக்கு வந்ததும் நம் பெண் பிள்ளைகள் ஏன் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள்? இந்தக் கேள்விகள் அங்கே படிப்பித்துப் பார்த்த ஆளுக்குத்தான் முதலில் தோன்றும்.

பாதை நீளம்தான், மறைக்கவில்லை. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் சாதாரண தரம் 1ஆம் மட்டம், உயர்தரம் 2, மூன்று வருடப் பட்டம் 5, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6, முதுமாணி 9 அல்லது 10, கலாநிதி 12. எல்லாம் முடிய வயது முப்பதைத் தாண்டும். ஆனால் பட்டத்தோடு நிறுத்தினாலும் உடற்கல்வி ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தராகவோ விண்ணப்பிக்கலாம். மேல்படிப்பைச் சம்பளம் எடுத்துக்கொண்டே தொடரலாம்.

முதற் பட்டத்துக்கு பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் உடற்கல்விக்கும் ஒரு துறையே இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விளையாட்டு விஞ்ஞானம் உண்டு. இதற்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தகுதிகாண் சோதனையும் வைப்பார்கள். எந்தப் பாடப் பிரிவு எடுத்தவர் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த வருடத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள். உயர்தரத்துக்குப் பாடம் எடுக்கிறதுக்கு முந்தியே பார்க்க வேண்டும். ஆங்கிலமும் இப்போதிருந்தே வேணும். தமிழ்நாட்டில் 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. 2005 முதல் உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் அங்கே நடக்கிறது. கலாநிதிப் பட்டம் வரை படிக்கலாம்.

பணத்துக்கு முதலில் மஹாபொல. அதோடு, 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. விபரம் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தில் கிடைக்கும்.

ஹோட்டல் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் "கலாநிதி" பட்டங்களிடம் ஏமாறாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவானாலும், கட்டணம் கட்டும் முன் அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.

வீட்டில் சான்றிதழ் இருந்தால் முதலில் பொலித்தீன் உறையில் போடுங்கள். நம்ம கூரை ஒழுகுவது தெரிந்ததுதானே. வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஒவ்வொரு போட்டியின் சான்றிதழும் வேண்டும். பெயரும் பிறந்த திகதியும் பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் அன்றைக்கே பார்த்து, பிழை இருந்தால் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.