சிறிய கல்லூரியா, பெரிய பல்கலைக் கழகமா?

சூளூர்பேட்டை ஆந்திர மாநிலத்து ஊர். 2022 ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் சென்னைப் புறநகர் மின்சார ரயில் அவ்வூர் வரை செல்கிறது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தார், பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் தருணத்தில், தெற்கே சென்னையையும் மேற்கே திருப்பதியையும் மாறி மாறி நோக்குவது இயல்பேயாகும். சிறியதொரு கல்லூரியில் சேர்ப்பதா, பெயர் பெற்ற பல்கலைக் கழகத்திற்கு அனுப்புவதா என்பது அவர்தம் கேள்வி. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இக்கேள்வி உண்டு.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற சிறு கல்லூரிகள் தாமே பட்டம் வழங்குகின்றன. நம் நாட்டிலோ கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பல்கலைக் கழகத்துடன் இணைக்கப் பெற்றவை; பட்டம் பல்கலைக் கழகத்தினுடையது. 1954 இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக் கழகத்தின் வளாகத்தில் முதுகலைக் கல்வியே மிகுதி. ஆகவே இளங்கலை மாணவர் 'பல்கலைக் கழகத்தில் படிக்கிறேன்' என்று சொல்வது பல வேளைகளில் பெயரளவில்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலாக் கல்லூரி ஆகியவை 1978 இல் தன்னாட்சி பெற்றுப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுத்துக் கொள்கின்றன. அங்கும் பட்டம் சென்னைப் பல்கலைக் கழகத்தினுடையதே.

அப்படியானால் வேறுபாடு எங்கே? ஆசிரியரிடத்தில் என்போம். டாக்டர் இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் மிஷன் பள்ளியில் பயின்று, வேலூர் ஊரீசுக் கல்லூரி வழியாகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தவர். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களைக் கொடுத்தமையால், செலவைக் கருதித் தத்துவத்தையே பாடமாக எடுத்தார். (பெரிய வாழ்வுகள் சில வேளை பழைய புத்தகத்தால் தீர்மானமாகின்றன!) அங்கே பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் அவரை நன்கறிந்தார். வேதாந்தத்தின் ஒழுக்கநெறி பற்றி அம்மாணவர் எழுதிய ஆய்வுரையைப் பாராட்டிச் சான்றும் அளித்தார். ஒரு மாணவனின் எழுத்தை ஆசிரியர் வரி வரியாகப் படிக்கும் வாய்ப்பு சிறு வகுப்பிலேதான் எளிதிற் கிட்டும். நூலகமும் ஆய்வுக்கூடமும் பெரிதாக வேண்டுவது முதுகலையில். எனவே முதற் பட்டத்திற்குச் சிறு கல்லூரியே மேல் என்பது நம் கருத்து. மொழி பற்றிய கவலையும் உண்டு. சென்னைக் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழ் படிக்கலாம். திருப்பதியிலும் பல்கலைக் கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது.

பலர் கவனியாது விடுவது வேறொன்று. ஆந்திரத்தில் 1974 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 85 உள்ளூர் மாணவர்க்கு உரியவை. தாய்மொழி எதுவாயினும், தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியுமாறு தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் அவ்வட்டாரத்திற் பயின்றவர் உள்ளூரார் ஆவர். தமிழ் மறந்துவிடுமே என்று பதினோராம் வகுப்பிலேயே பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பின்னர்த் திருப்பதியில் இடம் கேட்கையில் எஞ்சிய பதினைந்துக்கே போட்டியிட நேரலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்னரே இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாங்கிய பின் எண்ணுவதிற் பயனில்லை.