எலின்னு நினைச்சு மூஞ்சூறைக் கொல்றீங்களா? வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

வடகிழக்கு பருவமழை தொடங்கி, ஏரிக்கரைகளிலும் காலி மனைகளிலும் தண்ணீர் தேங்கினால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வளைகளில் இருக்கும் சின்ன உயிர்கள் எல்லாம் மேடான இடம் தேடி வீட்டுக்குள் வரும். சுவர் ஓரமா 'கீச் கீச்'னு ஏதாவது ஓடினா, "ஐயோ எலி!" என்று உடனே பசை அட்டை வாங்கி வைத்துவிடுகிறோம். ஆனால் அதில் சிக்குவது சில நேரம் எலியே இல்லை, மூஞ்சூறு.

அப்போ மூஞ்சூறு எலி இல்லையா?

இல்லை. எலி, அணில் எல்லாம் கொறித்துத் தின்னும் இனம். மூஞ்சூறு, முள்ளெலிக்கு சொந்தக்காரன். பூச்சிகளை வேட்டையாடும் விலங்கு. 1766-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ்கூட 'எலி போன்றது' என்ற பொருளில் 'மியூரினஸ்' என்றுதான் சேர்த்தார்.

எப்படி அடையாளம் காண்பது?

* மூக்கு: நீண்டு, கூர்மையாக, துடித்துக்கொண்டே இருக்கும்.
* கண்: கடுகு மாதிரி ரொம்பச் சின்னது. பார்வை மந்தம்.
* வால்: அடிப்பகுதி தடிமன், ஆங்காங்கே நீளமான முடி.
* வாசனை: விலாப் பக்கச் சுரப்பியிலிருந்து கடுமையான நெடி வரும். பூனை கவ்வினால்கூட பெரும்பாலும் தின்னாமல் விட்டுவிடும்.
* பல்: எலிக்கு 16, மூஞ்சூறுக்கு 30. எல்லாமே பூச்சியின் ஓட்டை உடைக்கும் கூர் பற்கள். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறிக்கும். மூஞ்சூறுக்கு அந்தத் தேவையே இல்லை.

உடம்புக்குள்ளும் ஆச்சரியம்

தானியம், இலைதழைகளைச் செரிக்க எலியின் குடலில் பை போன்ற ஒரு பகுதி உண்டு. மூஞ்சூறுக்கு அது கிடையாது. சாப்பிட்டது சீக்கிரம் செரித்து, அடிக்கடி பசிக்கும். அதனால்தான் ராத்திரி முழுக்க கரப்பான், பூச்சி, புழு என்று தேடி அலைகிறது.

இன்னொன்று: எலியால் வாந்தி எடுக்க முடியாது, மூஞ்சூறால் முடியும்! 1987-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுப்பது பற்றிய ஆய்வுகளுக்கு இந்தச் சின்ன விலங்கு உதவியது.

ஏன் ஈஸியா சிக்குது?

கண் சரியாகத் தெரியாததால் மூக்கையும் மீசையையும் நம்பி சுவரை ஒட்டியே ஓடும். பசை அட்டையையும் நாம் அங்கேதான் வைக்கிறோம். குட்டிகள் இருந்தால் இன்னும் சோகம். தாயின் பின்புறத்தை ஒரு குட்டி கவ்வ, அதை அடுத்தது கவ்வ, ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும். தாய் சிக்கினால் குட்டிகளும் பிழைக்காது. பசை அட்டையில் உயிர்கள் துடிதுடித்துச் சாவதால், அதைத் தடை செய்யும்படி இந்திய விலங்குகள் நல வாரியமும் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்துள்ளது.

தொடலாமா?

கூடாது. 1964-ல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹான்டா வகை வைரஸுக்கு 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்றே பெயர். பயப்பட வேண்டாம், ஆனால் வெறும் கையால் பிடிக்காதீங்க. எச்சத்தைச் சுத்தம் செய்ததும் சோப்பு போட்டு கை கழுவுங்க. உணவைத் திறந்து வைக்காதீங்க.

வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது?

* சுவர் ஓரமா ஒரு அட்டைப் பெட்டியைச் சாய்த்து வையுங்க. பின்னாலிருந்து துடைப்பத்தால் மெதுவாத் தள்ளினால் தானே உள்ளே போகும். வெளியே விட்டுடலாம்.
* கதவின் அடி இடைவெளி, பாத்ரூம் ஜாலி ஓட்டையை அடைச்சிடுங்க.
* குப்பை, மீன் கழிவுகளை ராத்திரி வீட்டில் வைக்காதீங்க.

பிள்ளையார் வாகனம்னு கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்தா அடிக்கிறோம். அடுத்த முறை அட்டை வாங்கப் போகும் முன், மூக்கு நீளமா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இருந்தா, அது உங்க வீட்டு கரப்பானைத் தேடி வந்த ஆள்.