உங்களுக்குத் தெரியுமா? மாடிக்கு வரும் பேட்டரி

● ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ஐக்யூப், ஏதர் மின்ஸ்கூட்டர்களில் பேட்டரியைக் கழற்ற முடியாது. வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வந்தாக வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளில் வண்டி தெருவோரம் நிற்கும். வீடு இரண்டாம் மாடியில் இருக்கும். அங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக வந்ததுதான் கழற்றும் பேட்டரி. ஹீரோவின் விடா வி-1 வண்டியில் அப்படி இரண்டு பேட்டரிகள் உண்டு. பூட்டைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு மின்வண்டியைச் சாத்தியமாக்கியது இந்த ஒரு கைப்பிடிதான் என்பேன்.

● தூக்க வேண்டிய எடை எவ்வளவு? ஹோண்டாவின் கழற்றும் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 10 கிலோ. விடா பேட்டரி ஒன்று ஏறக்குறைய 11 கிலோ. லெட்-ஆசிட் பேட்டரி காலத்து மின்ஸ்கூட்டர்களில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கைந்து வரிசையாக இருக்கும். அத்தனையையும் சேர்த்து மாடிக்குத் தூக்குவது நடக்கிற காரியமல்ல. லித்தியம் வந்த பிறகுதான் பேட்டரி படியேறத் தொடங்கியது.

● 2 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றல் கால் லிட்டர் பெட்ரோலுக்குக்கூட வராது. அப்படியும் 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், மின்மோட்டார் தனக்குக் கிடைப்பதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெப்பமாக இழந்துவிடும்.

● பேட்டரியே இல்லாமல் மின்வண்டியை விற்கலாம், பதிவும் செய்யலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது 2020 ஆகஸ்டில். வண்டி விலையில் 30 முதல் 40 சதவீதம் பேட்டரிக்கே போகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். வரியில் மட்டும் ஒரு சிக்கல். மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தனியாக வாங்கும் பேட்டரிக்கு 18 சதவீதம்.

● இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேட்டரியில் '48 வோல்ட்' என்று இருக்கிறது, சார்ஜரிலும் '48 வோல்ட்' என்று இருக்கிறது, பின்னும் பொருந்துகிறது. அப்படியானால் போடலாமா? கூடாது. லித்தியம் பேட்டரிகளில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. ஒன்று, இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்.எஃப்.பி. மற்றொன்று. என்.எம்.சி. செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறையும், எல்.எஃப்.பி. செல் 3.65 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். 48 வோல்ட் என்று விற்கப்படும் என்.எம்.சி. பேட்டரியில் வழக்கமாக 13 செல் வரிசை, நிறையும்போது 54.6 வோல்ட். அதே பெயரில் வரும் எல்.எஃப்.பி. பேட்டரியில் 16 வரிசை, நிறையும்போது 58.4 வோல்ட். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் செருகினால், செல் ஒவ்வொன்றுக்கும் 4.49 வோல்ட் போய்ச் சேரும். உள்ளே காவல் இருக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். அதைத் தடுக்க வேண்டும், பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் அது கடைசிக் காவல். அதை நம்பித் தினமும் சார்ஜ் போடுவது பிள்ளைகள் தூங்கும் வீட்டில் செய்யக்கூடியதல்ல. சார்ஜர் கெட்டுப்போனால் பேட்டரி கொடுத்த நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்கள். கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்காதீர்கள்.

● 2022 மார்ச் இறுதியில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்பைக் பற்றி எரிந்து, தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்கள் உயிரைப் பறித்தது புகை. அடுத்த மாதம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து 80 வயது முதியவர் இறந்தார். அதே ஏப்ரலில் விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து இன்னோர் உயிர் போனது. இந்த விபத்துகளில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வசதிதான். விழித்திருக்கும் மாலை நேரத்தில் போட்டு, படுக்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்குவது பாதுகாப்பு.

● அந்த விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ்.-156 என்ற மின்வண்டித் தரவிதி கடுமையாக்கப்பட்டது. திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. செல் தயாரான காலம் குறிக்கப்பட வேண்டும், உள்ளே வெப்பம் மிஞ்சினால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வர வேண்டும், பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் தானாக நிற்க வேண்டும் என்பவை அதில் அடக்கம். பழைய வண்டியோ பழைய பேட்டரியோ வாங்குகிறவர்கள் அது 2023 ஏப்ரலுக்கு முன்னால் தயாரானதா, பின்னால் தயாரானதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

● வீட்டில் எங்கே வைப்பது? வாசற்படியை ஒட்டியும் மாடிப்படி அடியிலும் கூடாது. தீ என்றால் தப்பி ஓடும் வழியே அதுதான். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழே இருந்த மின்ஸ்கூட்டர் ஷோரூம் எரிந்தபோது, புகை மேலேறி விடுதியில் தங்கியிருந்தவர்களைச் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். மெத்தை, திரைச்சீலை, காஸ் சிலிண்டர் அருகில் வேண்டாம். வெயிலும் மழைச் சாரலும் படாத பால்கனியின் டைல்ஸ் தரை நல்ல இடம். புகை கண்டால் பேட்டரியைத் தூக்கி வெளியே எறிய முயல வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101-ஐ அழையுங்கள்.

● ஸ்விட்ச் போர்டும் கவனிக்கத்தக்கது. செல்போன் சார்ஜர்போல அரைமணியில் முடியும் வேலையல்ல. நான்கைந்து மணி நேரம் ஒரே சீராக மின்னோட்டம் போகும். பிளக் லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகிப் பிளாஸ்டிக் கருகும். ஜங்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

● ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், உள்ளே போக வேண்டிய லித்தியம் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரி கெடும், ஆபத்தும் கூடும். கழற்றி அறைக்குள் கொண்டுவந்து, குளிர் தணிந்த பிறகு சார்ஜ் போடுவது மலைவாசிகளுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். சமவெளிக்காரருக்குப் பிரச்சினை சூடு. சித்திரை வெயிலில் ஓட்டி வந்த பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல், அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

● இரண்டு மாதம் ஊருக்குப் போகிறீர்களா? முழுதாக நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதி அளவே போதும். வண்டியில் போடாமல் சும்மா இருக்கும்போதும் பி.எம்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். காலியான பேட்டரி அதற்கும் கீழே வற்றிவிட்டால், திரும்பச் சார்ஜ் போடுவதே ஆபத்து. அப்படி ஆனதைச் சர்வீஸ் சென்டரில்தான் கொடுக்க வேண்டும்.

● 2 யூனிட் பேட்டரி நிறைய, இழப்பும் சேர்த்து 2.3 யூனிட் அளவு இழுக்கும். தினமும் முழு சார்ஜ் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 140 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். பேட்டரியை மேலே கொண்டுவந்தால் அது உங்கள் சொந்த மீட்டரில் ஏறும். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் போட்டால் பொது மீட்டரில் ஏறும், சண்டையும் வரும்.

● கழற்ற முடியும், ஆனால் வீட்டில் சார்ஜ் போட முடியாது! 2024 நவம்பரில் அறிமுகமான ஹோண்டா ஆக்டிவா இ அப்படித்தான் வந்தது. 1.5 யூனிட் பேட்டரிகள் இரண்டு; தீர்ந்ததும் ஹோண்டாவின் மாற்றுமையத்தில் கொடுத்து நிறைந்ததை எடுக்க வேண்டும்.

● இந்த முறையில் முன்னோடி தைவானின் கோகோரோ. 2011-ல் தொடங்கி, 2015-ல் முதல் ஸ்கூட்டரைக் காட்டியது. தெருமுனை அலமாரியில் பழையதைச் செருகினால் நிறைந்தது வெளியே வரும். பேட்டரி ஓட்டுபவருக்குச் சொந்தமில்லை; மாதக் கட்டணம். சார்ஜ் ஏறுவது வீட்டுக்கு வெளியே என்பது இதன் பெரிய நன்மை.

● நியூயார்க்கில் உணவு டெலிவரி செய்கிறவர்கள் மின்சைக்கிள் பேட்டரிகளை நெருக்கமான அடுக்ககங்களில் சார்ஜ் போட்டார்கள். லித்தியம் பேட்டரித் தீயில் 2023-ல் மட்டும் அந்நகரில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து பாதுகாப்புச் சான்று பெறாத பேட்டரிகளை விற்கவோ வாடகைக்கு விடவோ தடை. 2024-ல் டெலிவரி ஊழியர்களுக்கென்று தெருவிலேயே சார்ஜ் அலமாரிகளை மாநகராட்சி சோதனையாக வைத்தது. விற்கத் தடை போட்டதோடு நிற்காமல் மாற்று இடமும் கொடுத்தார்கள். சென்னையில் டெலிவரி பைகளோடு மின்வண்டிகளில் ஓடும் இளைஞர்களுக்கும் அப்படிச் சில அலமாரிகள் வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

● கழற்றும் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. பயணிகளுக்கு 100 வாட் மணி வரை அனுமதி, நிறுவனம் ஒப்புக்கொண்டால் 160. ஸ்கூட்டர் பேட்டரி 2,000.

● ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கிய ஷோரூமிலேயே கேளுங்கள்.